சென்னை ஃபர்மில் இன்டர்வியூ முடிந்து ஐந்து வாரம், பதில் இல்லை: என்ன செய்வது?

கேள்வி இதுதான். கேட்டவர் குழித்துறைக்காரப் பெண், திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில் படித்து முடித்தவர். சென்னையில் ஒரு லா ஃபர்மில் இரண்டு சுற்று இன்டர்வியூ, நடுவில் ஒரு டிராஃப்டிங் டெஸ்ட். கடைசியில் "எப்போது சேர முடியும், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்" என்று கேட்டுவிட்டு, "இரண்டு வாரத்தில் சொல்கிறோம்" என்று அனுப்பியிருக்கிறார்கள். ஐந்து வாரம் ஆகிவிட்டது, பேச்சுமூச்சு இல்லை. இதற்கிடையில் நாகர்கோவிலில் அப்பாவுக்குத் தெரிந்த சீனியர் வக்கீல் ஒருவர் "நாளைக்கே ஆபீசுக்கு வா" என்கிறார். பதில் வராதது இல்லை என்றுதான் அர்த்தமா, தானே கேட்கலாமா, சீனியரிடம் என்ன சொல்வது, வேலை முடிவாகும்வரை என்ரோல்மென்டை, அதாவது பார் கவுன்சிலில் வக்கீலாகப் பதிவு செய்வதைத் தள்ளிவைக்கலாமா, எச்.ஆரை வாட்ஸ்அப்பில் கேட்டால் தப்பா என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

சென்னை ஃபர்ம் ஒன்றில் சில வருடம் இருந்தபோது ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன். இப்போது நாகர்கோவிலில்தான் பிராக்டீஸ். இரண்டு பக்கமும் தெரியும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் என்ரோல்மென்ட், ஏனென்றால் அதில்தான் உங்களுக்கு உண்மையான நஷ்டம் வரக்கூடும். தள்ளிவைக்காதீர்கள். ஃபர்ம் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் அது வேண்டும். தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பு முடிந்து, பதிவு நாள் வருவதற்கே நேரம் பிடிக்கும். அதற்கப்புறம் இரண்டு வருடத்துக்குள் அகில இந்திய பார் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். கட்டணம் பெரிய தொகையாக இருக்குமே என்று வீட்டில் தயங்கினால், 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டுங்கள்: அட்வகேட்ஸ் ஆக்டில் உள்ளபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 125 ரூபாய், அதற்குமேல் பதிவுக் கட்டணம் என்று வாங்கக் கூடாது. ஸ்டாம்ப் செலவு தனி.

இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊரில் சட்டம் படித்தவர்களில் பாதிப் பேருக்கு மனதின் ஓரத்தில் சிவில் ஜட்ஜ் பரீட்சை இருக்கும். உங்களுக்கும் இருக்கலாம். அதற்கு மூன்று வருட பிராக்டீஸ் வேண்டும் என்ற பழைய நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று திரும்பக் கொண்டுவந்தது. பார் தேர்வு பாஸாகும் முன் கிடைக்கும் புரொவிஷனல் என்ரோல்மென்ட் தேதியிலிருந்து அந்தக் காலத்தைக் கணக்கிடலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. அப்படியென்றால், ஃபர்மின் பதிலுக்காக நீங்கள் என்ரோல் ஆகாமல் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று வருடக் கணக்கில் ஒரு மாதம் பின்னால் போகிறது. அவர்கள் தாமதம் செய்வது அவர்கள் வசதி. அதற்கு உங்கள் பதிவுத் தேதியை ஏன் கொடுக்க வேண்டும்?

இனி அந்த ஐந்து வார மௌனம். அதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள் என்றுதான் சொல்வேன். மனதைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை. உள்ளே வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் உங்களுக்கே புரியும்.

ஃபர்மில் ஆள் எடுப்பது யாருடைய முழுநேர வேலையும் இல்லை. ஒரு பார்ட்னரின் டீமுக்கு ஜூனியர் தேவை என்று எச்.ஆர். ரெஸ்யூமே திரட்டுகிறார். இன்டர்வியூ எடுத்த இருவரும் ஒரு தாளில் நாலு வரி எழுதித் தர வேண்டும். ஒருவர் அன்றைக்கே எழுதித் தருவார். இன்னொருவர் டெல்லியில் ஒரு ஆர்பிட்ரேஷனுக்குப் போய்விடுவார், தாள் அவர் பைக்குள்ளேயே போகும். பென்சிலில் "டிராஃப்டிங் சுமார், காலவரம்புச் சட்டம் தெளிவு, சென்னையில் நிலைப்பாரா?" என்று ஓரத்தில் கிறுக்கிய ரெஸ்யூமே ஒன்று வாரக்கணக்கில் காரின் பின்சீட்டில் கிடந்ததை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பெண்ணை அப்புறம் எடுத்தார்கள். அவர் வீட்டில் அந்த வாரங்கள் எப்படிப் போயிருக்கும் என்று அந்த பார்ட்னருக்குத் தோன்றியிருக்கக்கூட வாய்ப்பில்லை.

அப்புறம் பணம். டீமுக்கு ஆள் தேவை என்பது வேறு, அந்த இடத்துக்குச் சம்பளம் ஒதுக்க மேலே ஒப்புதல் கிடைப்பது வேறு. மார்ச்சில் இன்டர்வியூ நடந்தால் "ஏப்ரலில் புதுக் கணக்கில் பார்க்கலாம்" என்பார்கள். ஏப்ரல் கடைசியில் நடந்தால் மே மாதக் கோர்ட் விடுமுறையில் பார்ட்னர் ஊரில் இருக்க மாட்டார். பேச்சு ஜூனில்தான் திரும்ப எழும். தசரா, கிறிஸ்துமஸ் விடுமுறைகளிலும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது.

இதையெல்லாம்விட அதிகமாக நடப்பது ஒன்று இருக்கிறது, வெளியே யாரும் சொல்ல மாட்டார்கள். முதல் இடத்தில் வந்தவருக்கு ஆஃபர் கொடுத்திருப்பார்கள். அவர் வேறொரு ஆபீசில் இருந்தால் நோட்டீஸ் காலம் ஒரு மாதமோ அதற்கு மேலோ இருக்கும். நடுவில் அவருடைய பழைய ஆபீஸ் கூடுதலாகக் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். அவர் வந்து நாற்காலியில் உட்காரும்வரை இரண்டாவது ஆளுக்கு "இல்லை" என்று மெயில் போகாது. "ஆமாம்" என்றும் போகாது. நீங்கள் அந்த இரண்டாவது ஆளாக இருக்கலாம். அது கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. இரண்டாவதாக நின்று சேர்ந்து, முதலாவதாக வந்தவரைவிட நன்றாக வேலை பார்த்தவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அப்படிக் காத்திருக்க வைப்பதைச் சொல்லாமல் செய்கிறார்களே, அதில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. இரண்டு வரி மெயிலுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்?

"எப்போது சேர முடியும், எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்" என்று கேட்டதை நல்ல அறிகுறியாக எடுத்திருக்கிறீர்கள். அதை ஏறக்குறைய எல்லோரிடமும் கேட்பார்கள், படிவத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பியாக வேண்டும் என்பதற்காக. உங்கள் லிங்க்ட்இன் பக்கத்தை யாரோ பார்த்தார்கள் என்பதும் ஒன்றும் இல்லை. அதே வேலைக்கு மறுபடி விளம்பரம் வந்திருப்பதைப் பார்த்து அழவும் வேண்டாம், அது பக்கத்து டீமுக்காகவும் இருக்கலாம். கணக்கில் எடுக்கத்தக்க அறிகுறிகள் கொஞ்சம்தான்: நீங்கள் இன்டர்ன்ஷிப் செய்த சீனியரை அழைத்து விசாரிப்பது, மதிப்பெண் பட்டியலும் என்ரோல்மென்ட் எண்ணும் கேட்பது, முன்பு பார்க்காத இன்னொரு பார்ட்னரைச் சந்திக்கச் சொல்வது. இதில் இரண்டாவதைக் கவனியுங்கள். என்ரோல்மென்ட் எண் கேட்கும்போது கையில் எண் இருப்பவருக்கும் "இனிமேல்தான்" என்பவருக்கும் வித்தியாசம் உண்டு.

கேட்கலாமா என்றால், கட்டாயம் கேட்க வேண்டும். அவர்கள் சொன்ன கெடு முடிந்து ஒரு வாரம் கழித்துக் கேட்பதில் எந்த அவசரமும் இல்லை. நீங்கள் அதையும் தாண்டி இரண்டு வாரம் பொறுத்திருக்கிறீர்கள். மெயில்தான் சரி, எச்.ஆருக்கு. இன்டர்வியூ எடுத்த பார்ட்னருக்கு நேரடியாக வேண்டாம், நகலில் போடவும் வேண்டாம். அவர் உங்களிடம் தன் கார்டைக் கொடுத்து "எதுவென்றாலும் எழுது" என்று சொல்லியிருந்தால் மட்டும் விதிவிலக்கு.

மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். உள்ளே இருக்க வேண்டியது இவ்வளவுதான்:

"இன்ன தேதியில் இன்ன டீமுக்காக என்னை இன்டர்வியூ செய்தீர்கள். இரண்டு வாரத்தில் முடிவு சொல்வதாகக் கூறியிருந்தீர்கள். வேலையில் எனக்கு ஆர்வம் அப்படியே இருக்கிறது. என்ரோல்மென்டுக்கு விண்ணப்பித்துவிட்டேன், இன்ன மாதத்தில் முடியும். சென்னையில் தங்குவதற்கு ஏற்பாடு இருக்கிறது, தகவல் வந்த இரண்டு வாரத்தில் சேர முடியும். நாகர்கோவிலில் ஒரு சீனியரிடம் சேர்வது பற்றி இன்ன தேதிக்குள் சொல்ல வேண்டியிருப்பதால், உங்கள் முடிவு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்தால் உதவியாக இருக்கும்."

சென்னையில் தங்கும் ஏற்பாடு பற்றிய அந்த வரி சும்மா போட்டது இல்லை. மேலே சொன்ன பென்சில் கிறுக்கல் ஞாபகம் இருக்கிறதா? கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகளைப் பற்றிச் சென்னை ஆபீஸ்களில் ஒரு சந்தேகம் உண்டு: ஒரு வருடம் வேலை கற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்பிவிடுவார்கள், கல்யாணம் என்பார்கள், இல்லையென்றால் திருவனந்தபுரம் பக்கம் போய்விடுவார்கள். பெண் என்றால் அந்தச் சந்தேகம் இன்னும் கூடும். அப்படி நினைப்பது நியாயமே இல்லை. ஆனாலும் இன்டர்வியூவில் வாய்விட்டுக் கேட்காமல் மனதில் வைத்துக்கொள்வார்கள். அவர்கள் கேட்காத கேள்விக்கு ஒரு வரியில் பதில் போய்ச் சேரட்டும். உண்மையிலேயே ஏற்பாடு இருந்தால் மட்டும் எழுதுங்கள், சித்தி வீடோ ஹாஸ்டலோ எதுவானாலும் சரி.

அடுத்தது, தேதி. "சீக்கிரம் சொல்லுங்கள்" என்று எழுதினால் யாரும் அசைய மாட்டார்கள். உங்களுக்கு ஒரு நாளுக்குள் வேறொரு இடத்தில் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்றால் எச்.ஆருக்குப் பார்ட்னர் அறைக்குள் போக ஒரு காரணம் கிடைக்கிறது. அந்தக் காரணம் உங்களிடம் நிஜமாகவே இருக்கிறது. இல்லாத ஆஃபரை இருப்பதாகச் சொல்லி மிரட்டும் வேலை மட்டும் வேண்டாம். சென்னையில் ஃபர்ம்கள் எத்தனை இருந்தாலும் பார்ட்னர்கள் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். மாலை உயர் நீதிமன்ற வராண்டாவிலேயே குட்டு உடைந்துவிடும்.

மெயிலுக்குப் பத்து நாளில் பதில் இல்லை என்றால் ஒரு போன், ஆபீஸ் எண்ணுக்கு. "முடிவு ஆகவில்லை" என்றால், "எப்போது திரும்பக் கேட்கட்டும்?" என்று மட்டும் கேளுங்கள். அதோடு உங்கள் பங்கு முடிந்தது. மூன்றாவது முறை கேட்பதால் முடிவு மாறி நான் பார்த்ததில்லை. கோபமாக ஒரு மெயில் எழுதத் தோன்றும், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்குத் தோன்றும். எழுதுங்கள், அனுப்பாதீர்கள். சில மாதம் கழித்து டீமில் ஒருவர் விலகும்போது பழைய பட்டியலை எடுத்து அழைப்பது சர்வசாதாரணம்.

இனி சீனியர். உங்கள் கேள்வியில் அவரை ஏதோ கடைசிப் புகலிடம் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் எனக்கு வேறு கருத்து.

ஃபர்மில் சேர்ந்தால் முதல் வருடம் என்ன செய்வீர்கள் என்று நினைக்கிறீர்கள்? ஆராய்ச்சிக் குறிப்பு, தேதிவாரிப் பட்டியல், கான்ட்ராக்டில் ஷரத்துகளைச் சரிபார்ப்பது, கோர்ட்டில் வாதாடும் சீனியர் வக்கீலுக்குப் பின்னால் கேஸ் கட்டோடு நிற்பது. நல்ல பயிற்சிதான், எழுத்து சுத்தமாகும். ஆனால் ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றி முதல் விசாரணை செய்வதை அருகில் இருந்து பார்க்கவே வருடங்கள் ஆகலாம். நாகர்கோவிலில் அது வாரத்துக்கு வாரம் நடக்கும். காலையில் வாய்தா கேட்க எழுந்து நிற்பதிலிருந்தே ஆரம்பம். மாஜிஸ்திரேட் "உங்க சீனியர் எங்கே?" என்று கேட்கும்போது தொண்டை அடைத்தாலும் ஒரு மாதத்தில் பழகிவிடும். நாகர்கோவில் மட்டும் இல்லை, பத்மநாபபுரம், இரணியல், குழித்துறை, பூதப்பாண்டி என்று சீனியர் அனுப்பும் இடத்துக்கெல்லாம் பஸ் ஏறிப் போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு கோர்ட்டுக்கும் ஒரு பழக்கம், ஒவ்வொரு குமாஸ்தாவுக்கும் ஒரு குணம்.

அதோடு, குழித்துறைக்காரரான உங்களிடம் இருக்கும் ஒரு சொத்தை நீங்கள் ரெஸ்யூமேயில் போட்டிருக்கவே மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்: மலையாளம் வாசிக்கத் தெரியும் இல்லையா? இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்றுதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர், பிறகு திருவிதாங்கூர்-கொச்சி. அதனால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் கட்டைப் பிரித்தால், மூல ஆதாரம் மலையாளத்தில் இருக்கும், தேதி மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டில் இருக்கும். 1100 என்று இருந்தால் அது 1924 ஆகஸ்டிலிருந்து 1925 ஆகஸ்ட் வரை. மாதத்தைப் பார்த்து 824 அல்லது 825 கூட்ட வேண்டும். ஒரு வருடம் பிசகினால் எந்த ஒற்றி முந்தியது, எந்தக் கிரயம் பிந்தியது என்பதே தலைகீழாகிவிடும். இதை நேராக வாசித்துச் சொல்லும் ஜூனியர் இருந்தால் சீனியர் விடவே மாட்டார். சென்னை ஃபர்மில் நிலம், கட்டுமானம் பார்க்கும் டீம் இருந்தால் கேரள எல்லையோரச் சொத்துகள் யாருக்கு உரிமை என்று ஆவணம் பார்க்க அவர்களுக்கும் இது வேண்டும். அடுத்த மெயிலில் ஒரு வரி சேருங்கள்.

சீனியரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். "சார், சென்னையில் ஒரு இடத்தில் இன்டர்வியூ முடிந்து பதிலுக்காக இருக்கிறேன். கிடைத்தால் போகத்தான் ஆசை. அதுவரை உங்களிடம் வேலை கற்றுக்கொள்ளலாமா?" பெரும்பாலான சீனியர்கள் இதற்குச் சம்மதிப்பார்கள். அவர்களும் மதுரைக்கோ சென்னைக்கோ போக நினைத்த வயதைக் கடந்தவர்கள்தான். சொல்லாமல் சேர்ந்து, ஒரு நாள் காலையில் அப்பாவை விட்டு "மகளுக்குச் சென்னையில் வேலை ஆயிடுச்சு" என்று போன் செய்ய வைத்தால்தான் மனக்கசப்பு வரும். நம் ஊர் வக்கீல் வட்டம் சின்னது, விஷயம் மத்தியானச் சாப்பாட்டு வேளைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். போகிற நாள் வந்தால், நீங்கள் பார்த்த வழக்குகளின் அடுத்த வாய்தா தேதியை எல்லாம் ஒரு தாளில் எழுதி அடுத்த ஜூனியரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், ஜூனியர்களுக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வழிகாட்டுதல் வெளியிடுமாறு பார் கவுன்சிலிடம் சொன்னது. எல்லா ஆபீசிலும் அப்படிக் கிடைக்கிறதா என்றால் இல்லை. சேரும் முன் அப்பாவை விட்டுக் கேட்க வைக்காமல் நீங்களே பணிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், பஸ் காசுக்காவது கணக்கு வேண்டும்.

மதுரையையும் மறந்துவிடாதீர்கள். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றக் கிளை வந்த பிறகு நம் மாவட்டத்து ரிட், அப்பீல் எல்லாம் அங்கேதான் போகிறது. அங்குள்ள சீனியர் ஆபீஸ்களுக்கு இரண்டு மூன்று ரெஸ்யூமே அனுப்பிவையுங்கள். திருவனந்தபுரமும் உங்களுக்குப் பக்கம்தான். அட்வகேட்ஸ் ஆக்டின் 30ஆம் பிரிவு 2011 ஜூன் 15 முதல் நடைமுறையில் இருப்பதால், தமிழ்நாட்டில் பதிவு செய்தவர் கேரளத்திலும் பிராக்டீஸ் செய்யலாம். ஒரே ஒரு ஃபர்மின் பதிலுக்காகக் காத்திருக்கும்போதுதான் நாள் இவ்வளவு நீளமாகத் தெரிகிறது.

ஒருவேளை அழைப்பு வந்துவிட்டால்: போனில் "செலக்ட் ஆயிட்டீங்க" என்பது ஆஃபர் இல்லை. தொகை, சேரும் தேதி, எந்த ஆபீஸ், எந்த டீம் எல்லாம் எழுதிய கடிதம் மெயிலில் வந்த பிறகுதான் சீனியரிடம் விடைபெற வேண்டும், ஹாஸ்டலுக்கு அட்வான்ஸ் கட்ட வேண்டும். கடிதத்தில் ஒன்றைக் குறிப்பாகப் பாருங்கள்: மாதச் சம்பளமா, புரொஃபஷனல் ஃபீயா? பிராக்டீஸ் செய்யும் வக்கீல் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 49 சொல்கிறது. அதனால்தான் பெரும்பாலான ஃபர்ம்கள் ரீடெய்னர் என்ற பெயரில், சம்பளமாக இல்லாமல் தொழில் ஃபீயாகக் கொடுத்து வரி பிடிக்கின்றன. பிற்பாடு ஜட்ஜ் பரீட்சைக்குப் பிராக்டீஸ் சான்றிதழ் வாங்கப் போகும்போது இந்த வித்தியாசம் பேசும். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை "கொடுத்து வையுங்கள்" என்று கேட்டாலோ டெபாசிட் கேட்டாலோ அந்த இடம் வேண்டாம்.

இன்னொரு சுற்று இருக்கிறது என்று கூப்பிட்டால், முதலில் வீடியோவில் முடியுமா என்று கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் கன்னியாகுமரி எக்ஸ்பிரசில் சாயங்காலம் ஏறிக் காலையில் எழும்பூரில் இறங்கி, ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் முகம் கழுவி, சேலை மாற்றிப் போய் உட்கார வேண்டியதில்லை. அப்படிக் கேட்பதை யாரும் குறையாக எடுப்பதில்லை.

வீட்டில், சர்ச் வாசலில், கல்யாண வீட்டில் "வேலை ஆச்சா மக்களே?" என்று கேட்பவர்களுக்கு "என்ரோல்மென்ட் நடக்குது, நாகர்கோவில் கோர்ட்டுக்குப் போறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது பொய்யும் இல்லை, அதற்கு மேல் யாரும் தோண்டவும் மாட்டார்கள். சென்னை விஷயத்தை அப்பா அம்மாவுக்கு வெளியே விடாதீர்கள். இல்லாவிட்டால் ஐந்து வாரக் கேள்வியை ஐம்பது பேர் கேட்பார்கள்.

வாட்ஸ்அப் பற்றிக் கேட்டீர்கள். அந்த எச்.ஆர். முதலில் உங்களுக்கு வாட்ஸ்அப்பில்தான் இன்டர்வியூ நேரம் அனுப்பினார் என்றால், மெயில் அனுப்பிவிட்டு "மெயில் அனுப்பியிருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பாருங்கள்" என்று ஒரு வரி போடலாம், காலை பத்தரைக்கு மேல். அவர் அப்படி ஆரம்பிக்கவில்லை என்றால் வேண்டாம். நீல டிக் விழுந்து பதில் வராமல் இருந்தால் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள்.